சேலை நுனியில் ஒரு மாத்திரை

ஓய்வாக ஒரு நாள் படகில் போய் வரலாம் என்று யாராவது கூப்பிட்டால், ஓய்வு யாருக்கு என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நானும் என் வீட்டுக்காரர் சிவலிங்கமும் கோத்தகிரியிலிருந்து இலங்கைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அவருடைய பிறப்புச் சான்றிதழ் வாங்க. அவர் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர். பிறகு நீலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் அரசுப் பேருந்து ஓட்டியே ஓய்வும் பெற்றுவிட்டார். கையில் இருக்கும் காகிதங்களில் ஒன்றில் ஒரு பிறந்த தேதி, இன்னொன்றில் வேறொரு தேதி. எது சரி என்று சொல்லக்கூடிய காகிதம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

புறப்படுவதற்கு நான்கு மாதம் முன்புதான் அவர் இருதயத்தில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். பயணத்துக்குச் சம்மதம் கேட்கப் போனபோது டாக்டர் சொன்னார்: “தாராளமா போயிட்டு வாங்க. மேடு வந்தா நின்னு நின்னு ஏறுங்க. மூச்சு வாங்குற வேலை எதுவும் வேண்டாம். நெஞ்சு வலிச்சா இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சுக்குங்க.” இதில் முதல் வாக்கியத்தை அவர் எடுத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மாத்திரை அட்டையை உரித்து எடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டிலேயே ஒருநாள் ஒத்திகை பார்த்தேன். எட்டு எண்ணும் வரை ஆயிற்று. எட்டு எண்ணும் நேரத்தில் என்னென்னவோ நடந்துவிடலாம். அதனால் ஒரு மாத்திரையை முன்கூட்டியே பிரித்து, காகிதத்தில் மடித்து, சேலை நுனியில் முடிந்துகொண்டேன். சேலை மாற்றும்போது முடிச்சும் இடம் மாறும். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். எதையும் பத்திரப்படுத்தி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரத்தினபுரி பேருந்தில் ஏறிய ஐந்தாவது நிமிஷத்திலேயே முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். அங்கே பேருந்து ஓடுவதில்லை, பாய்கிறது. முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு வளைவு வரும் வரை காத்திருக்கிறார்கள் போலிருந்தது. பயணி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைப் போலப் பாவப்பட்ட பிறவி வேறு கிடையாது. என் வீட்டுக்காரர் வழி நெடுக இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். “இவனுக்கெல்லாம் யாரு லைசன்ஸ் கொடுத்தது” என்று அவர் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் நான் அவர் நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் அந்தப் பேருந்தில் எல்லார் நெற்றியிலும் இருந்தது.

பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி என்னைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு ஓர் இஞ்சி மிட்டாயை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. முன் இருக்கையில் இருந்த தொப்பி போட்ட வியாபாரி, மாவனல்லை என்ற ஊர்க்காரராம், திரும்பித் தமிழில் சொன்னார்: “உங்களுக்கு வாந்தி வருதான்னு கேக்கிறாங்க. உங்க முகம் அப்பிடி இருக்காம்.” வாந்தி இல்லை, கவலைதான் என்று சொன்னேன். அவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்தப் பெண்மணி இன்னொரு மிட்டாய் தந்தார்.

இரத்தினபுரித் தெருக்களில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிறிய காகித மடிப்புகளைப் பிரித்து இரத்தினக் கல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் விபூதிப் பொட்டலம் பிரிப்பார்களே, அதே மாதிரி. பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அன்பாகவே பேசினார்கள். பழைய பதிவேடு பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் கிடந்த இரண்டு நாளையும் அவருடைய சித்தப்பா மகள் புஷ்பம் வந்து பிடித்துக்கொண்டாள்.

புஷ்பத்தின் வீடு தோட்டத்து லயத்தில் மூன்றாவது. நீள வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். முன்னால் தேயிலை, பின்னாலும் தேயிலை. எங்கள் கோத்தகிரியிலும் இதே செடிதான், ஆனாலும் நாங்கள் பாலில் தேயிலையைத் தேடிக் குடிப்பவர்கள். இங்கே பால் இல்லாமல், கடிக்க ஒரு துண்டு வெல்லத்தோடு பிளேன்டீ வருகிறது. கூடவே தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, காது வரை காரம் ஏறும் கட்டசம்பல் என்கிற மிளகாய்த் துவையல். என் வீட்டுக்காரர் மூன்று ரொட்டி சாப்பிட்டார். அதில் எவ்வளவு தேங்காய் இருக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு, கடைசியில் அந்தக் கணக்கையும் சேர்த்து விழுங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு பை. யாராவது ஊருக்குப் போகிறார்களா என்று கேட்டேன்.

“இல்லீங்க அண்ணி, அது மழைப் பை” என்றாள் புஷ்பம். வாசலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு கம்பத்தில், தலை வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் கட்டியிருந்தது. அதில் சிவப்பு மையால் கோடுகள். “இந்தக் கோடு வரைக்கும் தண்ணி ரொம்பினா கவனமா இருக்கணும். மேல் கோட்டைத் தாண்டினா லயத்துத் தலைவர் விசில் ஊதுவார். மூணு தரம், நீளமா. ஊதினா ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது. கையில இருக்கிறதைப் போட்டுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, மேல இஸ்கூலுக்கு ஏறிரணும். அந்த மலை முகட்டுல மட்டும் மண்ணு சரியாதுன்னு ஆபீசருங்க வந்து பாத்துச் சொல்லியிருக்காங்க.”

“நெஜமாவே ஏறியிருக்கீங்களா?”

“இந்த வருசம் மட்டும் நாலு வாட்டி. சோறு கொதிக்கையில, குளிக்கையில, ஒரு வாட்டி பாதி கல்யாணத்தில. இப்பல்லாம் விசில் கேட்டா கால் தானா மேல போகுது. மூளைக்கு அப்புறந்தான் தெரியும்.”

அந்தப் பை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடையாள அட்டை, பாஸ் புத்தகம், டார்ச், பிஸ்கட், ஒரு செட் துணி என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். என்னைப் போல ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பையை மாட்டிவிட்டு நிம்மதியாகச் சிரித்துப் பேசுகிறாள். நான் முடிச்சைப் போட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் படகுப் பயணம் புஷ்பத்தின் ஏற்பாடு. தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதன் ஓரங்களில் மலை மடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து சின்னச் சின்னக் குடாக்கள். ரோடு கிடையாது, நடந்தும் போக முடியாது. படகில்தான் போக வேண்டும். “சத்தமே இருக்காது அண்ணே. குளிக்கலாம், சாப்பிடலாம், சாய்ஞ்சுக்கலாம்” என்றாள். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “இந்தத் தண்ணிக்கு அடியில ஓடுன ஆத்துலதான் நான் நீச்சல் படிச்சேன். நாளைக்கு நீந்திப் பாக்குறேன்” என்றார். மூச்சு வாங்குற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “நீச்சல்ல மூச்சே வாங்காது. மூச்சைப் பிடிச்சிக்கிட்டுதானே நீந்தணும்” என்றார்.

மாத்திரை அட்டை இருந்த கைப்பையை, தண்ணீரில் விழுந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். முடிச்சில்தான் ஒன்று இருக்கிறதே என்ற தைரியம். புஷ்பம் மழைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படகுக்கு எதற்கு அது என்று அவள் புருஷன் முத்தையா கேட்டதற்கு, “நீங்க தூண்டிலைக் கொண்டு வரலியா?” என்றாள். முத்தையா அண்ணன் தேயிலை பேக்டரியில் வேலை செய்பவர். மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர்.

ஆட்டோ கரைக்குப் போகும் வழியில் சேற்றில் சிக்கியது. நான் தடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் இறங்கித் தள்ளப் போய்விட்டார். நான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு தள்ளினேன். பின்னால் அவர் தள்ளியது வண்டியையா என்னையா என்று தெரியவில்லை. ஒருவழியாக வண்டி நகர்ந்தது.

படகுக்காரர் நிமல், நாற்பது வயதிருக்கும், சிங்களவர். மீன் வாடை அடிக்கும் மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேலே எனக்குப் பூட்டிவிட்டார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். புஷ்பம் தமிழில் சொன்னாள்: “மத்தியானத்துக்கு மேல காத்து எழும்புமாம். காத்தில இந்தச் சின்னப் போட் தாங்காதாம். அவர் விசில் ஊதினா எல்லாரும் உடனே போட்டுக்கு வந்திரணுமாம்.” அவரிடம் திரும்பி, “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினாள். எல்லாரும் தலையாட்டினோம்.

முதல் குடா உண்மையிலேயே அழகு. மூன்று பக்கமும் மானாப்புல் சரிவு, நடுவில் பச்சைத் தண்ணீர், கரையில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அழகை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. சட்டையையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, துண்டோடு அவர் பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கினார். பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்து நூறு வரை எண்ணினேன். பிறகு இன்னொரு நூறு. மூன்றாவது நூறில் எண்பதைத் தாண்டும்போது, தலை சொட்டச் சொட்ட வந்து நின்றார். “என்னமா இருக்கு தண்ணி!” என்றார். முத்தையா அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார், பாறையைப் பார்த்தார், தூண்டிலை வீசினார்.

இரண்டாவது குடாவிலும் இதே கதை. இந்த முறை நானூற்றுப் பத்து. புஷ்பம் எனக்காகப் பேச்சுக் கொடுத்தாள். அட்டை கடித்தால் பிடுங்கக் கூடாது, சோப்பு தடவ வேண்டும் என்றாள். எங்கள் ஊரில் உப்பு என்றேன். எந்த ஊர் அட்டை பெரியது என்று பேசிக்கொண்டே நான் எண்ணிக்கையையும் விடவில்லை.

மூன்றாவது குடாவில் படகு கரை வரை போக முடியவில்லை. ஒரு பாறை மூக்குக்கு இந்தப் பக்கமே நிமல் கட்டிவிட்டார். பாறையைச் சுற்றி நடந்தால் மணல் திட்டு. அங்கே பாய் விரித்து, சோற்றுச் சட்டியையும் வாழையிலைப் பொதிகளையும் திறந்து தட்டுகளில் பரிமாறிக்கொண்டோம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பொரித்த கருவாடு. பசியில் அமிர்தமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் என் வீட்டுக்காரர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

“சாப்பிட்ட வயித்தோடவா?” என்றேன்.

“கடைசியா ஒரே ஒரு முக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க என்னமோ செய்யுங்க, நான் இங்க இருந்தாத்தானே” என்று சொல்லிவிட்டு, பாறையைச் சுற்றி நடந்து படகில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெயிலுக்கு மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்தேன். அங்கிருந்து மணல் திட்டு தெரியாது. எண்ணவும் இல்லை. கோபத்தில் எண்ணிக்கை நிற்காது.

கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் மேல் சின்னச் சின்ன மடிப்புகள் ஓட ஆரம்பித்தன. நிமல் வானத்தைப் பார்த்தார், எழுந்து நின்று விசிலை ஊதினார். மூன்று தரம், நீளமாக.

ஒருவரும் வரவில்லை. மறுபடி ஊதினார். காத்திருந்தோம். நான் இறங்கிப் பாறையைச் சுற்றி ஓடினேன்.

பாய் இருந்தது. பாதி கழுவிய தட்டு தண்ணீர் ஓரத்தில் மிதந்தது. முத்தையா அண்ணனின் தூண்டில் அப்படியே கிடந்தது. கல்லின் மேல் என் வீட்டுக்காரரின் சட்டை, அதன் மேல் கண்ணாடி. மூன்று பேரில் ஒருவரும் இல்லை. கண்ணாடி இல்லாமல் அவர் பத்தடி நடக்க மாட்டார். கண்ணாடி இங்கே இருந்தால் அவர் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். தண்ணீரில் தலை எதுவும் தெரியவில்லை. அவர் மூழ்கியிருக்கிறார், காப்பாற்றப் போய் அவர்களும் மூழ்கியிருக்கிறார்கள். அந்த நிமிஷம் என் மனதில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“ஏங்க” என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால், இடுப்பு, மார்பு வரை வந்துவிட்டது. குனிந்து கையால் துழாவினேன். காலடியில் சேறு வழுக்கியது. தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. அவரிடம் கடைசியாகப் பேசியது கோபமாகப் பேசியதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

நிமல்தான். என்னைக் கரையில் உட்கார வைத்துச் சிங்களத்தில் திட்டிக்கொண்டே விரலை மேலே காட்டினார். எனக்கு அது வேறு விதமாகப் புரிந்து, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தையே மேலே திருப்பிவிட்டார்.

மானாப்புல் சரிவின் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. அதன் மேல் மூன்று பேர். தோளில் மழைப் பையோடு புஷ்பம். கையில் சோற்றுச் சட்டியோடு முத்தையா அண்ணன். நடுவில், இடுப்பில் துண்டோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தவறான திசையில் எங்களைத் தேடும் என் வீட்டுக்காரர்.

படகுக்காரரின் விசில் அவர்கள் காதில் லயத்துத் தலைவரின் விசிலாக விழுந்திருக்கிறது. மூளைக்குத் தெரிவதற்குள் கால் போய்விட்டது. ஓடுகிற வழியில், தண்ணீர் ஓரத்தில் நின்ற என் வீட்டுக்காரரைக் கண்ட புஷ்பம் அவர் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

நான் பயந்த தண்ணீர் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் டாக்டர் நின்று நின்று ஏறச் சொன்ன மனிதர், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் படிகளைப் போல இரண்டு மடங்கு உயரத்தை ஒரே மூச்சில் ஏறியிருக்கிறார். இறங்கி வந்த ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கை வைக்கிறாரா என்று பார்த்தேன். உதடு நீலமாக இருக்கிறதா என்று பார்த்தேன். கிட்டே வந்ததும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ ஏன் நனைஞ்சிருக்கே?”

“குளிச்சேன்” என்றேன்.

புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். “மன்னிச்சிருங்க அண்ணி. மேல போனப்புறந்தான் இஸ்கூலைக் காணோமேன்னு பாத்தேன்.” நிமல் அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்குப் பிறகு சொன்னாள். ‘இருபது வருஷமா விசில் ஊதுறேன், ஊதினதும் எதிர்ப்பக்கம் ஓடினவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்’ என்று சிரித்தாராம். அவள் காரணத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய வீட்டு வாசலிலும் அதே போத்தல் இருக்கிறதாம்.

படகு கிளம்பியது. காற்று எழும்பிவிட்டது. ஒவ்வோர் அலைக்கும் படகு தூக்கிப் போட்டது. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

“ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. நான் நீந்தவே இல்லை.”

“எப்ப?”

“எந்தக் குடாவிலயும். இடுப்பளவு தண்ணியில நின்னு, தலையை மட்டும் முக்கிட்டு வந்தேன். கையை வீசினா நெஞ்சுல ஏதாவது ஆயிருமோன்னு பயம். முத்தையா மாப்பிள்ளை பாத்துட்டார். சொல்லிராதீங்கன்னு கண்ணைக் காட்டினேன்.”

“அப்ப எதுக்குங்க அத்தனை வீறாப்பு?”

“நீ நாலு மாசமா பயந்துக்கிட்டே இருக்கே. நானும் பயந்தா வண்டியை யாரு ஓட்டுறது?” பின்னால் திரும்பி மொட்டைப் பாறையைக் காட்டினார். “அந்த மேட்டுல ஏறும்போது நினைப்பே வரலை. பாதி தூரத்துலதான் நெஞ்சு ஞாபகம் வந்துச்சு. கை வெச்சுப் பாத்தேன். அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டு இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்தது. அவர் பயப்படவில்லை என்று நினைத்துத்தானே அவர் மேல் இத்தனை நாள் கோபமாக இருந்தேன். கண்ணைத் துடைக்கச் சேலை நுனியை எடுத்தேன். முடிச்சு கைக்கு வந்தது. சொதசொதவென்று இருந்தது. அவர் பார்க்காமல் பிரித்தேன். காகிதம் கூழாகியிருந்தது, நடுவில் சுண்ணாம்பு தடவிய மாதிரி கொஞ்சம் வெள்ளை. மாத்திரை கரைந்து போயிருந்தது. மீதி மாத்திரைகள் எல்லாம் கைப்பையில், மலை மேலே, புஷ்பத்தின் வீட்டில். கரைக்கு இன்னும் அரை மணி நேரம். அங்கிருந்து அந்தச் சேற்று வழி. மறுபடியும் முடிந்துகொண்டேன்.

படகு ஒரு பெரிய அலையில் ஏறி இறங்கியது. அவர் கை தன் நெஞ்சுக்குப் போயிற்று. அங்கேயே இருந்தது.

“மாத்திரை வெச்சிருக்கேல்ல?” என்று கேட்டார்.

முடிச்சைத் தூக்கிக் காட்டினேன். “இருக்கு” என்றேன். வேணுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“எடுக்க வேணாம். இருக்கான்னுதான் கேட்டேன்” என்று சொல்லி, கையை நெஞ்சிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். அன்று முழுக்க ஓய்வெடுத்தது அந்த அரை மணி நேரம்தான், அதுவும் அவர் மட்டும். நான் கரை வரும் வரை அந்த ஈர முடிச்சைக் கையை விட்டு எடுக்கவில்லை.